விரதக்காரிகளுக்கு ஓர் அமெரிக்க விருந்து

அந்தப் புத்தகம் எங்கள் சந்துக்கு எதிரே இருந்த பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. பம்பாயில் அதை ரத்திக் கடை என்போம். ஊரிலுள்ள பழைய காகிதமெல்லாம் கடைசியில் தாராவிக்குத்தான் வந்து சேரும். கெட்டி அட்டை போட்ட அமெரிக்கச் சமையல் புத்தகம். அட்டைப் படத்தில் பச்சை நிறத்தில் ஒரு ஜெல்லி, அதற்குள் கோஸும் கேரட்டும் மிதந்துகொண்டிருந்தன. பக்கத்தில் முத்துமாலை போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி, சமைத்த களைப்பே இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். அடுப்படியில் முத்துமாலையோடு நிற்கிறவளை நான் அதுவரை பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது. தென்காசிப் பக்கம் பிறந்து, பத்தாவது வரை தமிழில் படித்து, கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். என் மச்சானுக்கு, அதாவது வீட்டுக்காரருக்கு, அடுத்த சந்தில் தோல் பட்டறை. பை, பெல்ட், சூட்கேஸ் எல்லாம் செய்வார்கள். பைகளுக்கு உள்துணி தைப்பது என் வேலை. அந்த வேலை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு பையின் வயிற்றுக்குள் யாரும் எட்டிப் பார்த்து, அடடா என்ன தையல் என்று சொல்லப் போவதில்லை.

ஒரு மழைக்காலம் முழுவதும் அகராதியும் கையுமாக அந்தப் புத்தகத்தைப் படித்தேன். பன்றிக்கறி வருகிற பக்கங்களை உள்துணி தைக்கும் நூலாலேயே தைத்து மூடினேன். ஒயின் ஊற்றச் சொன்ன பக்கங்களையும் தைத்தேன். அப்படியும் பாதிப் புத்தகத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. சோர் பஜாரில் ஒரு வட்ட அலுமினிய ஓவன் வாங்கினேன். மூடியில் சின்னக் கண்ணாடி வைத்தது. அதைப் போட்டால் வீட்டு பல்பு மங்கும். பக்கத்து வீட்டு பல்பும் மங்கும், அவர்கள் சுவரைத் தட்டுவார்கள். நான் பதிலுக்கு ஒரு துண்டு கேக் அனுப்புவேன். பிறகு அவர்களே, இன்னைக்கு லைட்டு மங்கலையே, என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் வீடு ஒரே அறை. அதில் ஒரே ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே இருந்த மூலையில்தான் என் மேசையும் ஓவனும். அந்த மூலைக்குத்தான் ஆபத்து வந்தது. மச்சான் கெட்டித் தோல் தைக்க இன்னொரு மெஷினுக்குச் சொல்லிவிட்டிருந்தார். பட்டறையில் இடமில்லை. தோல் தைக்க வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் என் மூலையில்தான் இருந்தது.

"அடுத்த மாசம் மெஷின் வந்திரும் புள்ள. ஒன் மேசைய எடுத்திரு," என்றார்.

"அங்கன நான் சமையல் கிளாஸ் வைக்கப் போறேன் மச்சான்."

"யாரு வருவா இங்க?"

அது நியாயமான கேள்விதான். ஆனால் பதில் இல்லை என்பதற்காக வாயை மூடுகிற பழக்கம் என்னிடம் இல்லை. வருவாங்க, என்றேன். அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. என் பிடிவாதம் தெரிந்தவர்.

"மெஷின் வாரதுக்குள்ள மூணு பேரச் சேத்துக் காட்டு. சேத்துட்டா மூலை ஒனக்கு. இல்லன்னா மெஷினுக்கு. அப்பறம் மொகத்தத் தூக்கக் கூடாது."

சரி என்றேன்.

மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்கு சூட்கேஸ் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டு மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை அமெரிக்காவில். அப்போது மாட்டுங்காவில் தெருவுக்கு ஒரு பெண்ணாவது அமெரிக்கா போய்க்கொண்டிருந்தாள். எங்கள் பட்டறைக்கு சூட்கேஸ் ஆர்டர் வந்ததே அதனால்தான். அந்த அம்மா பூட்டைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே புலம்பினாள்.

"அவருக்கு அந்த ஊர் சாப்பாடுதான் பழக்கமாம். இவளுக்கு ரசம் வைக்கத் தெரியும், அதோட சரி. ஓவன்னாலே பயப்படறா. யார் சொல்லித் தருவா?"

"நான் சொல்லித் தாரேன்," என்றேன்.

அவள் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். சூட்கேஸ் கொண்டுவந்தவள், தலையில் முக்காடு, பேச்சில் திருநெல்வேலி.

"நீயா?"

"நான்தான். ஒடனே கிளாஸுல சேர வேண்டாம். மொதல்ல வந்து ருசி பாருங்க. ருசி பாக்கக் காசு கெடையாது. புடிச்சா மகள அனுப்புங்க."

அவளுக்கு என்ன தோன்றியதோ, வருகிறேன் என்றாள். தனியாக வரத் தயங்கி, திலக் நகரிலிருந்து இரண்டு சிநேகிதிகளையும் சேர்த்துக்கொண்டாள். அவர்கள் வீட்டிலும் அதே மாதிரி பெண்கள், அதே மாதிரி மாப்பிள்ளைகள். நான்காவதாக அணுசக்தி நகரிலிருந்து ஒரு அம்மா. அவள் கணவர் விஞ்ஞானி. கல்யாணமான புதிதில் பயிற்சிக்காக அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். இவளும் கூடப் போய் இரண்டு வருடம் இருந்து வந்தவள். நான் செய்வது அசல்தானா என்று பார்த்துச் சொல்ல அவளைக் கூட்டி வருகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. பரீட்சை வைத்தால் எழுதிவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று பதார்த்தம் முடிவு செய்தேன். சீஸ் போட்டு, மேலே உருளைக்கிழங்கு வேஃபரை நொறுக்கித் தூவி ஓவனில் வைத்த மக்ரோனி. அடியில் அன்னாசி வைத்துச் சுட்டு, பிறகு தலைகீழாகக் கவிழ்க்கிற கேக், முட்டை இல்லாமல். மூன்றாவது, அட்டைப் படத்துப் பச்சை ஜெல்லி. கறியும் மீனும் தொடாத புதுத் தட்டு, புதுக் கரண்டி, புதுச் சட்டி எல்லாம் வாங்கினேன். அவர்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று.

ஜெல்லிதான் தகராறு. அதற்கு ஜெலட்டின் வேண்டும் என்றது புத்தகம். மார்க்கெட்டில் போய்க் கேட்டேன். கடைக்காரன், ஹட்டியில் செய்தது, என்றான். என்ன ஹட்டி, எதன் எலும்பு என்று கேட்டேன். அல்லாவுக்குத்தான் தெரியும், என்றான். பன்றி எலும்பானால் எனக்கு ஆகாது. எந்த எலும்பானாலும் அவர்களுக்கு ஆகாது. போதாக்குறைக்கு, அதைக் குளிரவைக்க எங்களிடம் ஃபிரிட்ஜும் இல்லை. திரும்பி நடந்து வரும்போது பாதி வழியில் நின்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். நோன்பு முப்பது நாளும் எங்கள் வீட்டில் கடல்பாசி காய்ச்சுகிறோம். கடலில் விளைகிற பாசி, எலும்பு கிடையாது, ஃபிரிட்ஜ் இல்லாமலே உறையும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அவர்கள் வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை காலையில் கடல்பாசியை அடுப்பில் கொதிக்க வைத்துவிட்டு, வேஃபர் வாங்க ஓடினேன். அடுப்பைப் பார்த்துக்கொள்ள என் மைனி, மச்சானின் அக்கா, இருந்தாள். திரும்பி வந்து வாசலில் கால் வைத்ததும் ரோஸ் வாசனை அடித்தது.

"மைனி, என்ன செஞ்சீங்க?"

"பாசி சும்மா கொதிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு, சீனியே காணல. அவசரத்துல மறந்துட்டியோன்னு ஒரு ஒழக்கு போட்டேன். ரோஸ் எசன்ஸும் விட்டேன்."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இருபது நோன்பு காய்ச்சிய கை. கடல்பாசியில் உப்பும் வினிகரும் கோஸும் போடுகிற ஒருத்தி இருப்பாள் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. வீட்டில் வேறு பாசி இல்லை. பாசி விற்கிற கடைக்காரர் ஜும்ஆ தொழுகை முடிந்துதான் கடை திறப்பார். அவர்கள் பதினோரு மணிக்கு வந்துவிடுவார்கள்.

அதைப் பேசாமல் இனிப்பாகவே உறையவிட்டு, ரோஸ் ஜெல்லி என்று கொடுத்திருக்கலாம். புத்தியுள்ளவள் அதைத்தான் செய்வாள். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். படத்தில் உள்ளதைச் செய்வதாக மனதில் போட்டுக்கொண்டேன், செய்தே தீர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வினிகரை ஊற்றினேன், உப்பைப் போட்டேன், பச்சைச் சாயத்தைக் கலந்தேன், கோஸையும் கேரட்டையும் கொட்டினேன். மைனி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மெயின் ரோட்டிலிருந்து நான்தான் அவர்களைச் சந்துக்குள் கூட்டி வந்தேன். தோல் வாடைக்கு நான்கு பேரும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். எனக்கு அது வலித்தது. நானும் முதல் ஆறு மாதம் மூடிக்கொண்டுதான் நடந்தேன் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. கட்டிலில் நான்கு பேரையும் வரிசையாக உட்கார வைத்தேன். புதுப் பாத்திரம் என்று சொன்னேன். ஓவனிலிருந்து மக்ரோனியை எடுத்தேன், மேலே வேஃபர் பொன்னிறமாக மொறுமொறுத்திருந்தது. அன்னாசி கேக்கைத் தட்டில் கவிழ்த்தேன். ஒரு வட்டம்கூடப் பிய்யாமல் வந்தது. அவர்கள் நோட்டைத் திறந்து அளவெல்லாம் எழுதிக்கொண்டார்கள். சந்தேகம் கேட்டார்கள். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

தட்டில் வைத்து நீட்டினேன். அங்கே நின்றது.

"இன்னிக்கு ஏகாதசி, நான் ஒண்ணும் தொடறதில்லை," என்றாள் திலக் நகர்க்காரி ஒருத்தி. மற்றவள் வெள்ளிக்கிழமை விரதம் என்றாள். மாட்டுங்கா அம்மாவுக்கு வயிறு சரியில்லை. அணுசக்தி நகர் அம்மா இப்போதுதான் டிபன் சாப்பிட்டாளாம். ருசி பார்க்க வந்த நான்கு பேருக்கும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் வாய் அடைத்துப்போனது. அந்த நான்கு காரணங்களுக்கும் பின்னால் இருந்த ஒரே காரணம் எனக்குத் தெரியாதா? நீட்டிய தட்டோடு நின்றேன். அழுகை வந்தது. அழுதால் மூலை போய்விடும் என்பது போல அடக்கிக்கொண்டேன்.

தட்டைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு, பச்சை ஜெல்லியைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தேன். சாப்பிடாவிட்டால் போகட்டும், பார்த்துவிட்டாவது போகட்டும் என்று ஒரு வீம்பு. அது குலுங்கி நின்றது. அணுசக்தி நகர் அம்மா எழுந்து கிட்டே வந்தாள்.

"இது ஜெலட்டின்தானே?"

"இல்லம்மா. கடல்பாசி. நோம்புக்கு நாங்க காய்ச்சுறது. எலும்பு கெடையாது."

அவள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பாராமல் கரண்டியை எடுத்து ஓரத்தில் வெட்டி வாயில் போட்டாள். மெல்ல மெல்ல அவள் முகம் சுருங்கியது.

"என்னது இது, வினிகர்ல ரோஸ் வாசனை வரது?"

நடந்ததைச் சொன்னேன். மைனி போட்ட சீனியையும், நான் விடாமல் ஊற்றிய வினிகரையும். அவள் சிரிக்க ஆரம்பித்து இருமலே வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். எங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீர். குடித்தாள்.

"அங்க போன புதுசுல பக்கத்து வீட்டுக்காரி இதைத்தான் பண்ணிக் கொண்டுவந்தா. எலும்புன்னு தெரிஞ்சு சிங்க்ல கொட்டிட்டு, தட்டை நன்னா அலம்பிக் குடுத்தேன். தட்டு காலியா இருக்கேன்னு, நேக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு நினைச்சுண்டா. ரெண்டு வருஷம், மாசம் தவறாம கொண்டுவந்தா. ஒரு தடவைகூட வாயில வச்சதில்லை." இன்னொரு கரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். "இப்பதான் தெரியறது, கொட்டினதுல தப்பே இல்லை."

அதற்குப் பிறகு அவளே மக்ரோனித் தட்டை எடுத்துக்கொண்டாள். டிபன் சாப்பிட்ட வயிற்றில் அதற்கும் இடமிருந்தது, கேக்குக்கும் இருந்தது. திலக் நகர்க்காரியின் ஏகாதசி பத்து நிமிடத்தில் துவாதசியானது. வெள்ளிக்கிழமை விரதக்காரி, கேக் பலகாரம்தானே, என்று கையை நீட்டினாள். மாட்டுங்கா அம்மா மட்டும் சாப்பிடவில்லை. அவள் வயிறு கடைசி வரை சரியாகவில்லை.

புத்தகத்தை வாங்கிப் புரட்டிய அணுசக்தி நகர் அம்மா முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது நான் அங்க போறதுக்கும் முந்தி போட்டதுன்னா," என்றாள். "இந்த ஜெல்லியெல்லாம் இப்ப அங்க யாரும் பண்றதில்லையாம். என் பையன் லெட்டர் போடறான், பீட்சாதானாம் எங்க பாத்தாலும்."

"அப்போ இவ சொல்லித் தரது பழசா?" என்றாள் மாட்டுங்கா அம்மா.

எனக்குக் காது சூடாகிவிட்டது. வெள்ளைக்காரியின் முத்துமாலையைப் பார்த்தவள் அச்சிட்ட வருடத்தைப் பார்க்கவில்லை. பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த கதைதான். ஆனால் வாய் அடைத்து நிற்க நேரமில்லை.

"பழசுதான் போலருக்கு. எனக்கும் இப்பதான் தெரியும். ஓவன் பழசாகலல்ல? ஒங்க மக அங்கன கடையில போயி நிக்கும்போது எந்த டின்னத் தொறக்கணும், எவ்ளோ சூடு வைக்கணும், எதுல எலும்பு இருக்கு, அதுக்குப் பதிலா எதப் போடணும்னு தெரியணும். அத நான் சொல்லித் தருவேன். பீட்சாவும் செஞ்சு பாத்துட்டுச் சொல்லித் தாரேன்."

மாட்டுங்கா அம்மா யோசித்தாள். நல்ல யோசனைக்காரி.

"சரி, நீ எங்காத்துக்கு வந்துடேன். பெரிய கிச்சன். பாத்திரம் எங்களோடது. நீ ஓரமா நின்னு சொல்லு, குழந்தைகள் பண்ணட்டும். மூணு பேரும் சேர்ந்துடுவா."

மூன்று பேர். மச்சான் கேட்ட அதே மூன்று. வாய் வரைக்கும் சரி வந்துவிட்டது. ஆனால் ஓரமாக நிற்கிற என்னை நானே பார்த்துவிட்டேன். சட்டியைத் தொடாமல், கரண்டியைத் தொடாமல், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சமையல் சொல்லித் தருகிறவளை. எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் பாதி, சரி சொல்லத் துடித்த என் நாக்கின் மேல் பாதி.

"படிக்கணும்னா இங்க வரட்டும்மா. திங்கக்கெழம பதினோரு மணி."

அவர்கள் எழுந்து போனார்கள். அணுசக்தி நகர் அம்மா மட்டும் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். அது என்ன தலையசைப்பு என்று தெரியவில்லை. மச்சான் வந்து மிச்ச மக்ரோனியைச் சாப்பிட்டுவிட்டு, "வீட்டுக்கு வந்த மூணு பேர வேண்டாம்னுட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மேசையைத் துடைத்தேன், எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு மெஷின் வந்தது. சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முந்தி. கைவண்டியில் ஏற்றிச் சந்துக்குள் தள்ளினார்கள். எங்கள் வாசலில் வண்டி சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலில், வண்டிக்குப் பின்னால் மூன்று பெண்கள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பதை நான்தான் முதலில் பார்த்தேன். மாட்டுங்காப் பெண், திலக் நகர்ப் பெண்கள் இருவர். அம்மாக்கள் யாரும் வரவில்லை.

"ஆன்ட்டி, இதுதானே கிளாஸ்?" என்றாள் மாட்டுங்காப் பெண். "அம்மா டாக்ஸி ஏத்தி விட்டா. சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிருக்கா. நான் சாப்பிடுவேன்."

மச்சான் மெஷினைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூணு பேரு வந்துட்டாங்க, என்று நான் சொல்லவில்லை. அவருக்கு எண்ணத் தெரியும்.

"பேச்சு பேச்சுதான். மூலை ஒனக்கு," என்றார். "ஆனா வந்த மெஷின நான் எங்க புள்ள வைப்பேன்? திருப்பி அனுப்ப முடியாது."

"கட்டில வெளிய எடுங்க."

"நாம எங்கன படுக்க?"

"மெஷினுக்கு அடியில காலு நீட்டிப் படுத்துக்கலாம்."

அந்தக் கட்டில் என் வாப்பா சீதனமாகத் தந்தது. அவர் ஊரில் தேக்கு வாங்கி, ஆசாரி வீட்டுக்கு நடையாய் நடந்து செய்வித்தது. கைவண்டிக்காரர்களே அதைத் தூக்கிச் சந்தில் வைத்தார்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் அது நின்ற இடத்தில் மெஷினை வைத்து, மேலே ஒரு டியூப் லைட்டும் போட்டோம். சாயங்காலத்துக்குள் கட்டில் விலை போய்விட்டது. கண் முன்னால் எடுத்துப் போனார்கள், நான் உள்ளே மூன்று பெண்களுக்கு ஓவனின் சூட்டைக் கையால் பார்க்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பதினோரு வருடம் அந்த மெஷினுக்கு அடியில் சிமெண்டுத் தரையில் படுத்தேன். முதுகு வலிக்கிறதா என்று மச்சான் அவ்வப்போது கேட்பார். இல்லை என்பேன். வலித்தது.